க்ளைவ் ஓர்மெராட் நுழைந்த கதவு

நான்கு தேர்தல்களில் க்ளைவ் ஓர்மெராடை எம்.பி. ஆக்கியவள் நான். பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. வீடுவீடாகக் கதவைத் தட்டியதும், சனிக்கிழமைதோறும் எங்கள் ஊர் நூலகத்தில் குறை கேட்க அவனை உட்காரவைத்ததும் நான்தான். யாராவது சிக்கலாகக் கேட்டால் என் முகத்தைப் பார்ப்பான். நான் தலையசைத்த பிறகுதான் வாயைத் திறப்பான்.

லண்டனில் அந்த வேலையைக் கட்சிக் கொறடா பார்த்துக்கொண்டார். ஓட்டெடுப்பு மணி அடித்தால் சாப்பாட்டைப் பாதியில் விட்டு ஓடுவான். பாராளுமன்றத்தில் எந்தக் கதவில் நுழைகிறார்களோ அதுதான் ஓட்டு: ஆதரவுக்கு ஒரு கதவு, எதிர்ப்புக்கு ஒரு கதவு. கொறடா கை காட்டிய கதவில் நுழைவான். கெட்டவன் இல்லை, பசிக்காரன்; தட்டுக்குத் திரும்பும் அவசரம்.

ஐந்தாம் தேர்தலில் தோற்றான். ஊர் அவனை மறந்துவிடக் கூடாதே என்று, அகதிகளைத் தங்கவைத்திருந்த ஓட்டலின் முன் ஒரு ஆர்ப்பாட்டம் ஏற்பாடு செய்தேன். சரியான மழை. உள்ளேயிருந்து டெஸ்ஃபாய் என்ற எரித்ரியா நாட்டு அகதி குடையோடு வந்து க்ளைவின் தலைக்கு மேல் பிடித்தான். "இவர்களை அனுப்பு" என்று க்ளைவ் கத்தி முடிக்கும்வரை பிடித்திருந்தான்.

அடுத்த சனிக்கிழமை க்ளைவ் அதே ஓட்டலில் டீ குடித்துக்கொண்டிருந்தான். பிறகு ஊர் ஊராகப் போய் அகதிகளுக்காகப் பேச ஆரம்பித்தான்.

"பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுறியா? வெட்கமா இல்ல?" என்றேன்.

"நான் எப்ப கிள்ளினேன், பிரெண்டா?"

"படகுல வந்தவங்களைத் திருப்பி அனுப்புற சட்டம். ஓட்டுப் போட்டியே!"

"போட்டேனா?" நடிப்பில்லை. நிஜமாகவே விழித்தான்.

அந்தச் சட்டப்படியே டெஸ்ஃபாயைப் பிடித்து அடைத்தார்கள். திருப்பி அனுப்பினால் அவன் நாட்டில் சிறைதான். அவனுடைய அண்ணன் அந்தச் சிறைக்குள் போனவன், வெளியே வரவில்லை. நான் காரோட்ட, டெஸ்ஃபாயைப் பார்க்கப் போனோம். கதவு விஷயத்தை க்ளைவ் மறைக்காமல் சொன்னான்.

"சட்டத்தைப் படிக்காமலா சார் போனீங்க?" என்று டெஸ்ஃபாய் கேட்டான்.

"எல்லாரும் அந்தப் பக்கம் போனாங்க."

டெஸ்ஃபாய் சிரித்துவிட்டான். "நானும் அப்படித்தான் சார் படகுல ஏறினேன்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவனை அனுப்பத்தானே நான் ஆர்ப்பாட்டம் நடத்தினேன்?

விசாரணையில் டெஸ்ஃபாய் தரப்புக்கு க்ளைவ்தான் சாட்சி. அரசாங்க வக்கீல் மெதுவாகக் கேட்டார்: "இந்தச் சட்டத்தை ஆதரிச்சு ஓட்டுப் போட்டது நீங்கதானே?"

க்ளைவ் திரும்பி என்னைத் தேடினான். பழைய பழக்கம். என் தலை எந்தப் பக்கமும் அசையவில்லை.

"ஆமா," என்றான் தானாகவே. "போட்டேன். ஏன்னு கேட்காதீங்க, எனக்கே தெரியல. ஆனா இவனை அனுப்பாதீங்க."

நீதிபதி நெடுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். தம் கையில் ஒன்றும் இல்லை, சட்டம் அப்படி எழுதப்பட்டிருக்கிறது என்றார்.

டெஸ்ஃபாயை இடப்பக்கக் கதவு வழியாகக் கொண்டுபோனார்கள். அவனுடைய குடை அந்த மழை நாளிலிருந்து க்ளைவிடமேதான் இருந்தது. அதைப் பிடித்தபடி க்ளைவ் கூடத்தின் நடுவில் நின்றான்.

"எந்தப் பக்கம் போகணும், பிரெண்டா?"

எனக்குத் தெரியவில்லை. முதல்முறையாக அதை அவனிடம் சொன்னேன்.