இஸ்திரி அக்காவின் ஊதாச் செர்ரி

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் இஸ்திரி அக்கா. விடிந்ததிலிருந்து வெள்ளைப் போர்வை, வெள்ளை உறை, வெள்ளை அங்கி. கண்ணே வெளுத்துப்போய்விடும். அதனால்தான் நாற்றுப் பண்ணைக்குப் போனவள், கத்தரிக்காய் நிறத்தில் இலைவிட்டிருந்த செர்ரிக் கன்றைக் கண்டதும் வேறெதையும் திரும்பிப் பார்க்கவில்லை. திரைச்சீலை முதல் தேநீர்க் கோப்பை வரை அவள் வீட்டில் எல்லாம் வீட்டுக்காரர் தேர்ந்தெடுத்தவை. அவளாக ஆசைப்பட்டுக் கொண்டுவந்தது இந்த ஒன்றுதான்.

அது ஒட்டுக்கன்று, வேறொரு செடியின் அடிக்கட்டையில் ஊதாச் செர்ரியை ஒட்டி வளர்த்தது. "ஒட்டுக்குக் கீழ பச்சையா எது முளைச்சாலும் கிள்ளிடுங்கம்மா. அது அடிச்செடியோட தளிர். விட்டா மேல இருக்கறத அமுக்கிடும்" என்று பண்ணைக்காரர் சொல்லியனுப்பினார். அவளும் கண்ணும் கருத்துமாகக் கிள்ளிவந்தாள். வீட்டுக்காரரிடமும் சொல்லிவைத்தாள். ரிட்டயரான மனிதர், ஊர் வழக்கையெல்லாம் உட்கார்ந்து கேட்பவர், பெண்டாட்டி சொல்வதை மட்டும் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டார்.

பல வருஷக் காத்திருப்புக்குப் பிறகு இந்த வசந்தத்தில் மரம் முதன்முதலாக மொட்டு வைத்தது. அந்த வாரம் பார்த்துச் சலவைக்கூடத்தில் இரட்டை ஷிப்டு. கீழே இரண்டு பச்சைத் தளிர்கள் தலைதூக்கியதை அவள் கவனிக்கவில்லை. அவர் கவனித்தார்.

வேலை முடிந்து அவள் வந்தபோது ஊதாக் கிளைகள் மொட்டோடு தரையில் கிடந்தன. ஒட்டுக்கு மேலே எதுவும் மிச்சமில்லை.

"இத்தனை வருஷமா கவனிக்கல, மேல பூரா நோய் புடிச்சுக் கருத்துப்போயிருக்கு, வெட்டிட்டேன். கீழ பாரு, எவ்வளவு பச்சையா வருது" என்றார், பெருமையாக.

அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. கத்தினால், ஒரு செடிக்குப் போய் இவ்வளவா என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பை நினைத்தபோது ஆத்திரம் இன்னும் கூடியது. வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? கிளைகளைப் பொறுக்கி ஒரு வாளித் தண்ணீரில் வைத்தாள்.

நாலைந்து நாளில், ஊதா இலைகளுக்கு நடுவே இளஞ்சிவப்பாக அத்தனை மொட்டுகளும் பூத்தன. ஆசைதீரப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பின்னால் வந்து நின்றார்.

"பாத்தியா? நான் வெட்டினதாலதான் பூத்துச்சு."

விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத மனிதர். அவள் எழுந்து, ரம்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பச்சைத் தளிரோடு சேர்த்து அடிக்கட்டையை அறுக்கத் தொடங்கினாள். அவர் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"நல்லா வர்ற மரத்த எதுக்குடி வெட்டற?"

"என் மரத்த நீங்க வெட்டினீங்க. இது உங்க மரம்" என்றாள். அறுப்பதை நிறுத்தவில்லை.