திரையில் ஒரு கல் மண்டபம்

ஊரில் பாதிப்பேர் கல்யாண ஆல்பத்தில் அவள் வரைந்த அருவிக்கு முன்னால்தான் நிற்கிறார்கள். அண்ணனின் போட்டோ ஸ்டூடியோவுக்குப் பின்னணித் திரை எழுதுவது அவள் வேலை. புருஷன் போன பிறகு அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள். வாயைத் திறப்பதே அபூர்வம். அண்ணி செல்லமாக வைத்த பேர் ‘ஊமைக்குயில்’. அருவி, ரோஜாத் தோட்டம், மாடிப்படி என்று கேட்டதை வரைந்துகொடுப்பாள்.

ஒரு மழைக்காலத்தில் பழைய காலண்டர் ஒன்று கைக்குக் கிடைத்தது. ஏதோ வெளிநாட்டுப் பழைய தேவாலயத்தின் படம்; அடியில் ‘கோத்திக் மண்டபம்’ என்று போட்டிருந்தது. உயர உயரப் போகிற கல் தூண்கள். உச்சியில் இரண்டு வளைவுகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, கூராக முடிந்தன. தனித்தனியாக விட்டால் இரண்டுமே விழுந்துவிடும் என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு கண்ணை மூடினால் போதும், அந்தத் தூண்களுக்கு நடுவே நடந்துகொண்டிருப்பாள். காலடிச் சத்தம் கேட்காது. தூண்கள் மரங்களாகும், மரங்கள் மறுபடி கல்லாகும். எங்கோ தூரத்தில் பால் கலந்த மாதிரி ஒரு வெளிச்சம். யாரும் கேட்காமலே அதைத் திரையில் எழுதினாள்.

அண்ணன் கிட்டப் போயும் தள்ளி நின்றும் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு” என்று மாட்டிவைத்தார்.

வம்பு அதற்கப்புறம்தான். சண்டை போட்டுக்கொண்டே உள்ளே வந்த துணிக்கடைக்காரரும் மனைவியும் திரை முன்னால் நின்றதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். கூன் விழுந்த தையல்காரம்மா கழுத்தை நிமிர்த்தினாள். ஒரு கல்யாணப் பெண் காரணமே இல்லாமல் கண் கலங்கினாள்.

“ஏம்மா, ‘கொஞ்சம் சிரிங்க’ன்னு சொல்லிச் சொல்லி என் வாய்தான் கோணிப்போச்சு. இதை அழிச்சுட்டுத் தோட்டம் போட்டுடு” என்றார் அண்ணன்.

வெள்ளைப் பெயிண்ட்டைக் குழைத்து எடுத்துவந்தாள். பிரஷ் திரையைத் தொட மறுத்தது.

“இதை மட்டும் கேக்காதீங்கண்ணா. அங்க போனாத்தான் எனக்கு மூச்சு வருது.”

‘அங்க’ என்றால் எங்கே என்று அண்ணனுக்கு விளங்கவில்லை. திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பெயிண்ட் டப்பாவைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“திரையோட பின்பக்கம் சும்மாத்தானே கெடக்கு? தோட்டத்தை அங்க போடு.”

ஜோடிகளுக்குத் தோட்டம் என்றாகிவிட்டது. தனியாக வருகிறவர்கள் மட்டும் தயங்கித் தயங்கி, “அந்தக் கல்லு மண்டபம் இருக்காமே...” என்று இழுப்பார்கள். அண்ணன் ஒன்றும் கேட்காமல் திரையைத் திருப்புவார்.

கூட்டமில்லாத ஒரு மத்தியானம் அண்ணன் அவளையே கூப்பிட்டார். “எல்லாரையும் நிக்க வெக்கிறே, நீ ஒரு தடவையாவது நின்னிருக்கியா? வா.”

மண்டபத்தின் முன்னால் நின்றாள். அவர் பொத்தானை அழுத்துகிற நேரம் பார்த்து உச்சி வளைவைத் தேடுவதுபோல முகம் தானாக மேலே போய்விட்டது. படத்தில் மோவாயும் கழுத்தும்தான் விழுந்திருந்தன.

“தொண்டையைத்தான் எடுத்திருக்கேன், டாக்டர்கிட்டதான் காட்டணும்” என்றார் அண்ணன். “இன்னொண்ணு எடுப்போமா?”

“வேணாம்ணா. நான்தான்னு நல்லாத் தெரியுது.”

சட்டம்கூடப் போடாமல், வண்ணம் குழைக்கிற அறையின் சுவரில் அதை ஒட்டிவைத்தாள்.