கரி அக்காவுக்கு ஒவ்வாத ரெசின்

பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அவளைக் கரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நாள் முழுக்கக் கறுப்புக் கார்பன் துணியோடு கிடக்கிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? உள்ளறையில் அவள் அச்சின் மேல் துணியை விரித்து, காய்ந்தால் கல்லாக இறுகிவிடும் ரெசின் பிசினைப் பூசி, கார் பாகங்கள் செய்வாள். வெளியே புருஷன் வண்டிக்கு அடியில் படுத்து அவற்றைப் பொருத்துவான். வேகமான கார்களின் பின் பம்பருக்குக் கீழே, துடுப்புத் துடுப்பாக ஒன்று தெரியுமே, டிஃப்யூசர், அதில் அவள் கை தேர்ந்தவள்.

அது எதற்கு என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், பிடித்துக்கொள்வாள்.

"வண்டிக்கு அடியில ஓடுற காத்தைப் பின்னாடி சட்டுனு விட்டா, சுருண்டு வண்டியையே பிடிச்சு இழுக்கும். இது அதை மெதுவா மேல ஏத்திப் பரவவிடும். அப்போ அடியில காத்து இன்னும் வேகமா ஓடும், வண்டி ரோட்டோட ஒட்டிக்கும்."

கேட்டவன் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, "பார்க்க கெத்தா இருக்கும்ல அக்கா?" என்பான். வண்டிக்கு அடியிலிருந்து புருஷன் சிரிக்கிற சத்தம் வரும்.

அப்படியிருக்கும்போதுதான் பல் டாக்டர் வந்தாள். விடுமுறை நாட்களில் பந்தயப் பாதையில் கார் ஓட்டுகிற பெண். வளைவில் வேகம் பிடித்தால் வண்டியின் பின்பக்கம் ஆடுகிறது என்றாள். "எந்தக் கோணத்துல வைக்கலாம்க்கா?" என்று அவள் கேட்டதும் கரி அக்காவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அட்டையில் மாதிரி செய்து, அதில் துண்டு நூல்களை ஒட்டி, வண்டியை ஓட்டச் சொல்லிக் கேமராவில் பார்த்தார்கள். நூல்கள் படிந்து ஓடினால் கோணம் சரி. துடித்தால் காற்று ஒட்டாமல் விலகுகிறது, கோணத்தை இறக்க வேண்டும். இறக்கி இறக்கி, ஒருவழியாக அச்சு தயாரானது.

கரி அக்காவுக்கு மணிக்கட்டில் அரிப்பு அதற்கு முன்பே இருந்தது. வெயில் என்று நினைத்தாள், சோப்பை மாற்றினாள். துணி விரிக்க வேண்டிய காலையில் கண் இமை வீங்கியிருந்தது. கையுறைக்கு மேல் கையுறை போட்டு, முகமூடி மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். ரெசினைக் கலக்கி முடிப்பதற்குள் கண் இரண்டும் மூடிக்கொண்டன. புருஷன்தான் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தான்.

"ரெசின் உங்க உடம்புக்கு ஒத்துக்கலம்மா" என்றார் தோல் டாக்டர்.

"கொஞ்ச நாள் விட்டுட்டுப் போனா சரியாயிடுமா டாக்டர்?"

"இது வந்தா போகாது. அடுத்த தடவை மூச்சுத் திணறலாம். அந்த ரூமுக்குள்ளயே போகாதீங்க."

அவள் எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தாள். பதில் மாறவில்லை.

பல் டாக்டரின் பந்தயம் நெருங்கிவிட்டது. "நான் போடுறேன்" என்றான் புருஷன். திருகு முடுக்குகிற கை அது, துணி தடவிப் பழகியதில்லை. அவள் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நின்றாள். நடுத்துடுப்பின் அடி மூலையில் துணி சுருங்கித் தூக்கிக்கொண்டு நின்றது.

"அங்க அழுத்துங்க! உள்பக்கமா!"

காற்றாடிச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. கண்ணாடியைத் தட்டினாள். நிமிர்ந்தவன், ரெசின் வழியும் இரண்டு கைகளையும் தூக்கி, என்ன என்பதுபோல் பார்த்தான். விரலால் கண்ணாடியில் வரைந்து காட்டினாள். அவன் வேறு மூலையை அழுத்தினான். அவள் கை கதவுப் பிடிக்குப் போய்விட்டது. உள்ளிருந்து அவன், "வராதே!" என்று கத்தியது உதட்டசைவில் தெரிந்தது. கையை எடுத்துவிட்டாள். ரெசின் யாருக்காகவும் காத்திருக்காது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சுருக்கம் சுருக்கமாகவே இறுகிப் போனது.

பந்தயம் முடிந்து பல் டாக்டர் போன் செய்தாள். "அக்கா, வண்டி ஆடவே இல்ல! என் ஃப்ரெண்டுக்கும் ஒண்ணு வேணும். உங்க கையாலயே செஞ்சு கொடுங்க."

"சரிம்மா, சந்தோஷம்" என்றாள். போனைப் புருஷனிடம் நீட்டினாள்.

இப்போது வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வெறும் கார்பன் துணியை அளந்து வெட்டிக் கொடுக்கிறாள். ரெசின் படாத வேலை அது ஒன்றுதான். அவன் பட்டறையிலேயே குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வருகிறான். அப்படியும் சில நாள் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் அவளுக்குக் கண் எரிகிறது. அவனாகவே எழுந்து ஜன்னலோர நாற்காலிக்குப் போய்விடுகிறான்.

அன்றைக்குப் புதிதாகச் செய்ததைப் போனில் படம் எடுத்து வந்திருந்தான். அவள் விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இங்க சுருங்கியிருக்கு."

"தெரியும்."

"அப்பவே எடுத்திருக்கலாமே?"

"எடுத்துப் பார்த்தேன். கைக்கு வரமாட்டேங்குது."

இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினாள். படம் மங்கிப் போனது. போனை அவனிடம் கொடுத்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தாள்.