பேய்க் கூடாரத்தில் எங்கள் அம்மன்

ஈரச் சாக்கும் ஜெனரேட்டர் புகையும் கலந்த நாற்றம் எங்கேனும் மூக்கில் ஏறினால், இன்றைக்கும் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. ஆடிப் பதினெட்டுத் திருவிழாவுக்கு எங்கள் கொல்லிமலைச் செம்மேட்டில் சேரும் கூட்டத்தை நம்பி, கீழேயிருந்து ராட்டினக்காரர்களும் வளையல் கடைக்காரர்களும் லாரி ஏறி வருவார்கள். நான் ஆறாம் வகுப்புப் படித்த தொண்ணூற்றொன்பதாம் ஆண்டில் அவர்களோடு ஒரு பேய்க் கூடாரமும் வந்து இறங்கியது. பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் கறுப்புத் தார்ப்பாயை இழுத்துக் கட்டி, ரத்தம் சொட்டுகிற மாதிரியான எழுத்தில் 'கொல்லிமலையின் கொலைகார வரலாறு: போனவர் திரும்பியதில்லை' என்று வாசலில் தட்டி வைத்திருந்தார்கள். எங்கள் மலைக்கே வந்து, எங்களுக்கே டிக்கெட் கொடுத்து, எங்களைப் பற்றியே எங்களுக்குப் பயங்காட்டிய அந்தத் துணிச்சலை நினைத்தால் இப்போதும் மனசு ஆறமாட்டேன் என்கிறது.

அந்த வருஷம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் ரெஜினா. அவளுடைய அம்மா நாமக்கல் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த நர்ஸ். மலைக்காரர்கள் சோற்றில் 'மருந்து' வைத்துவிடுவார்கள், எதைக் கொடுத்தாலும் வாங்கித் தின்னாதே என்று அவளுடைய சொந்தக்காரர்கள் சொல்லியனுப்பியிருந்தார்கள் போலும். நான் பலாச்சுளை நீட்டினாலும், கொய்யா நீட்டினாலும், வயிறு சரியில்லை என்பாள். ஒருநாள் மெதுவாகக் கேட்டாள்: "உங்க ஊர்ல நெசமாவே ஆள வெட்டிப் பலி குடுப்பாங்களாடி?" அன்று அவளோடு சண்டை போட்டு, இரண்டு நாள் பேசாமல் இருந்து, பிறகு நானே போய்ப் பேசினேன். அவள் ஒருத்தி எங்களை நம்பினால் போதும் என்றிருந்தது எனக்கு. அப்படிப்பட்டவளுக்குத்தான் அந்தக் கூடாரத்தைப் பார்த்தே ஆகவேண்டுமாம்.

நான் எவ்வளவோ தட்டிக் கழித்தேன். ஆனால் எட்டுக்கை அம்மன் கோயிலுக்குப் போவதற்காகத் தேங்காய், வாழைப்பழம், சூடமெல்லாம் பையில் போட்டுக்கொண்டு எங்கள் திண்ணனூர் நாட்டிலிருந்து (மலையில் ஒவ்வொரு பகுதியையும் நாடு என்போம்) வந்திருந்த என் அம்மா காரியத்தைக் கெடுத்துவிட்டாள். அவள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். 'கொல்லிமலை' என்கிற வரைக்கும் படித்துவிட்டு, "நம்ம மலையப் பத்தித்தான் கண்ணு போட்டிருக்குது, ஒரு எட்டு பாத்துட்டே போலாம்" என்று எங்கள் இருவரையும் கையைப் பிடித்து வரிசையில் நிறுத்திவிட்டாள்.

உள்ளே ஒரே இருட்டு. ஒரு மூலையில் டேப் ரிக்கார்டர் நரியாக ஊளையிட்டு, மனுஷக் குரலில் அலறி, நடுநடுவே ஒரு கரகரத்த தொண்டையில் கதை சொன்னது: இந்த மலையின் ஆண்கள் வழிப்போக்கர்களைப் பிடித்து நரபலி கொடுத்தார்களாம், பெண்கள் சிரித்தே ஆட்களைச் சாகடித்தார்களாம். சிவப்பு பல்பு கண் சிமிட்டியபோது மண்டை ஓடுகளும் ஒரு பெரிய பானையும் தெரிந்தன. இடுப்பில் தழை கட்டிய 'மலைவாசி' ஒருவன் அரிவாளோடு பாய்ந்து வந்தான். ரெஜினா என் கையைப் பிடித்திருந்தவள் சட்டென்று விட்டுவிட்டாள். அந்த ஆளிடமிருந்து மட்டும் அல்ல, என்னிடமிருந்தும் அவள் விலகி நின்றது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

கடைசியில் அந்தப் பொம்மை நின்றது. எட்டுக் கை, பிதுங்கிய விழி, வாய் நிறையச் சிரிப்பு. அம்மா அதைப் பார்த்ததுமே செருப்பைக் கழற்றிவிட்டாள். அம்மன் முன்னால் எங்கள் ஆட்கள் யாரும் செருப்புக் காலோடு நிற்பதில்லை. அது யோசித்துச் செய்கிற காரியமில்லை, கால் தானாகச் செய்கிறது. அடுத்து அவள் பையைத் திறந்து பழத்தை வைத்து, தேங்காயை வைத்து, சூடத்தையும் கொளுத்திவிட்டாள். எனக்கு மானம் போயிற்று. பின்னால் வந்த பைல் நாட்டுப் பெண்கள் என்ன ஏதென்று கேட்காமல் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

கூடாரக்காரர் திரையை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார். "ஏம்மா, தார்ப்பாய் பத்திக்கிட்டா என்னம்மா பண்றது? அது சாமியில்ல, பேய்ப் பொம்மை!"

"எட்டுக் கை இருக்குதுங்களே. எங்க அம்மனுக்கும் எட்டுக் கைதானுங்க. இருட்டுல நிக்க வெச்சுட்டு அம்மனப் போயி பேயிங்கறீங்களே, நல்லா இருக்குதுங்களா?"

அம்மா அதைச் சண்டையாகக்கூடச் சொல்லவில்லை, நிஜமாகவே வருத்தப்பட்டுச் சொன்னாள். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குள் வெட்கம் போய் வேறு என்னவோ ஏறியது. "நாங்க யாரையும் கொல்லலீங்க. அந்த டேப்ப நிறுத்துங்க" என்றேன். "போ பாப்பா, மலையாளுகளுக்கு ஒரு தமாஷும் தெரியறதில்ல" என்றார் அவர். நான் நேராகப் போய்ப் பொத்தானை அமுக்கி நிறுத்திவிட்டேன். அவர் கையை ஓங்க, "புள்ள மேல கைய வெச்சுப் பாருங்க" என்று அம்மா குறுக்கே வந்தாள். வெறுங்காலோடு நின்ற பெண்களும் ஓரடி முன்னால் வந்தார்கள். ஓங்கிய கை இறங்கிவிட்டது.

சத்தமெல்லாம் அடங்கிய அந்தச் சூட வெளிச்சத்தில் ரெஜினாதான் முதலில் சிரித்தாள். "ஏய், மலைவாசி பேன்ட் போட்டிருக்கான்டி!" தழைக்குக் கீழே இஸ்திரி போட்ட நீலப் பேன்ட். நாங்கள் எந்தக் காலத்தில் தழை கட்டினோம் என்று பெண்கள் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் சேலத்துக்காரன் என்றும் முந்தாநாள்தான் முதன்முதலாக மலையேறினான் என்றும் தெரியவந்தது. அம்மா பழத்தை விண்டு எல்லாருக்கும் கொடுத்தாள். அரிவாளைக் கீழே வைத்துவிட்டு அவனும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். ரெஜினா தன் பங்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு வாயில் போட்டுக்கொண்டாள்.

நாங்கள் வெளியே வந்ததும் டேப் மறுபடி ஊளையிட ஆரம்பித்துவிட்டது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அம்மன் இருக்கும் சேதி பரவி, மறுநாள் அந்தத் தட்டிக்குக் கீழே செருப்புகள் குவிந்து கிடந்தன. பயப்பட ஆள் இல்லாத கூடாரத்தைத் திருவிழா முடியும் முன்பே பிரித்து லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

இப்போது அப்படிக் கூடாரங்கள் வருவதில்லை. செல்போனைக் கம்பியில் மாட்டிக்கொண்டு பைக்கில் வருகிற பையன்கள் அதே நரபலிக் கதையை அருவிக்கரையில் நின்று சொல்லிவிட்டுப் போகிறார்கள், நானும் ஒவ்வொரு வீடியோவுக்கும் கீழே கமென்ட் போட்டுச் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் காலத்தில் கல்யாணம் காட்சிக்கென்று கீழே இறங்கினால், எந்த ஊர் பாப்பா என்று கேட்பவர்களிடம் மலையின் பேரைச் சொல்லாமல் 'ராசிபுரம் பக்கம்' என்று மழுப்பிவிடுவேன். எனக்குள் அப்படி மழுப்பிய அந்தப் பெண் கூடாரத்தோடு போனவள்தான், பிறகு நான் அவளைப் பார்க்கவே இல்லை. இன்று யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், கொல்லிமலை என்று உரக்கச் சொல்கிறேன். விலகி நிற்கிறவர்கள் தாராளமாக விலகி நிற்கட்டும்.