நாற்காலிக்கு வந்த டீ

கண்ணாடி டம்ளரில் பாதியளவு டீ, சர்க்கரை இல்லாதது, ஆறாமலிருக்க மேலே கவிழ்த்த சாஸர். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக என் காலை இப்படித்தான் தொடங்குகிறது. ஏன் இப்படி என்று கேட்பவர்களிடம் டாக்டர் சொன்னார் என்று பொய் சொல்லிவிடுவேன். எந்த டாக்டரும் சொல்லவில்லை. இதை என் முன்னால் முதலில் வைத்தவர் சிதம்பரத்தில் ஒரு சர்வர். அவரும் எனக்காக வைக்கவில்லை.

அறுபதுகளின் நடுவில் அண்ணாமலை நகரில் எனக்கு எழுத்தர் வேலை கிடைத்தது. வீடு கடலூர் செம்மண்டலத்தில். வாரம் முழுக்கச் சிதம்பரத்தில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்து, சனிக்கிழமை வீட்டுக்குப் போவேன். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பாய் கடை இருந்தது. இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், அதன்மேல் கை நிறையச் சர்க்கரையும் என்றால் எனக்கு உயிர். அதை நினைத்துக்கொண்டே முதல் நாள் போய், சுவரோரம் காலியாக இருந்த மூலை நாற்காலியில் உட்கார்ந்தேன். சர்வருக்கு அறுபது வயதிருக்கும். எல்லாரும் அவரை மாமா என்றார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டு ஆப்பம், தனிக் கிண்ணத்தில் குழம்பு, கடைசியில் சாஸர் கவிழ்த்த அரை டம்ளர் டீ என்று ஒவ்வொன்றாக வந்துவிட்டன. டீயில் பேருக்குக்கூட இனிப்பில்லை.

கூப்பிட்டுச் சொல்லியிருப்பேன். ஆனால் மேசை விளிம்பை விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் அவர் டம்ளரை வைத்தார். இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. காலையில் அங்கே வருகிறவர்கள் எல்லாரும் வாடிக்கைக்காரர்கள், அவரவர் இடத்தில்தான் உட்காருவார்கள். மாமா முகம் பார்த்துப் பரிமாறவில்லை, இடம் பார்த்துப் பரிமாறுகிறார் என்று புரிந்தது. நான் குரலை உயர்த்தினால் கல்லாவில் இருக்கும் முதலாளிக்குத் தெரிந்துவிடும், கிழவரின் வேலை போய்விடும். குடித்துவிட்டு எழுந்தேன்.

கிளம்பும்போது முதலாளி சொன்னார். அது லேப் சார் இடமாம். ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். போன மாதம் லாட்ஜ் அறையில் தூக்கத்திலேயே இறந்துபோயிருக்கிறார். "நம்ம மாமாவும் அடக்கத்துக்குப் போய்ட்டுதான் வந்தாரு" என்றார். அப்படியானால் யாருக்கு அந்த டீ வந்தது என்ற கேள்வி வாய்வரை வந்தது, கேட்கவில்லை.

அந்த வாரம் முழுவதும் அதையே சாப்பிட்டேன். இரக்கத்தால் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை வீட்டில் அம்மா வழக்கம்போல் மூன்று கரண்டி சர்க்கரை போட்டு டீ கொடுத்தாள். ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. தட்டை எடுத்து டம்ளரை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தேன். "யாருக்குடா மூடி வைக்கிற?" என்று கேட்டாள் அம்மா. என் கை அதைச் செய்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. என் நாக்கை யாரோ வாடகைக்கு எடுத்துக்கொண்டாற்போலப் பயந்தேன்.

திங்கட்கிழமை வீம்பாக வாசலோர நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். மாமா அந்த இடத்துக்குரிய பரோட்டாவை என் முன்னால் வைத்தார். பிறகு உள்ளே போய் ஆப்பமும் குழம்பும் டீயும் எடுத்துவந்து, மூலையில் யாருமற்ற நாற்காலிக்கு முன்னால் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். வேறு மேசையில் கூப்பிட்டும் நகரவில்லை. கடையில் யாரும் அதை வினோதமாகப் பார்க்கவும் இல்லை. என்னால் பரோட்டாவைப் பிய்க்க முடியவில்லை. எழுந்து போய் மூலையில் உட்கார்ந்தேன். நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டதும் மாமா போய்விட்டார்.

சில நாள் கழித்து லேப் சாரின் தம்பி, அறையிலிருந்த சாமான்களை எடுத்துப்போகக் கடலூர் முதுநகரிலிருந்து வந்தார். முதலாளி அவரை என் எதிரில் உட்காரவைத்து, அண்ணன் தினமும் சாப்பிட்டது இதுதான் என்று என் தட்டைக் காட்டினார். அவர் ஆசையாக என் டம்ளரைப் போலவே ஒன்று கேட்டு வாங்கி, ஒரு வாய் குடித்துக் கீழே வைத்துவிட்டார்.

"இது எங்கண்ணன் குடிக்கிற டீ இல்ல. வீட்ல நாலு கரண்டி போட்டாலும் அதுக்குச் சக்கர பத்தாது."

அப்போதுதான் மாமாவிடம் வாய்விட்டுக் கேட்டேன், முதலாளி காதில் விழாமல்: பின்னே இது யாருடைய டீ என்று. அவர் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"அந்த எடத்துக்கு அதாம் தம்பி. எனக்கு முன்னாடி இருந்த சர்வரு சொல்லிட்டுப் போனது. லேப் சாரு வந்தப்பவும் அதான். உனக்கு வேணும்னா சொல்லு, மாத்திடறேன்."

இவ்வளவு எளிதாக அவர் கேட்பார் என்று நான் நினைக்கவே இல்லை. இடியாப்பம், தேங்காய்ப்பால், சர்க்கரை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "வேணாம் மாமா, நல்லாத்தான் இருக்கு."

எதிரில் இருந்த லேப் சாரின் தம்பி சட்டென்று நிமிர்ந்தார். "எங்கண்ணனும் எதைக் குடுத்தாலும் இதையேதான் சொல்லும்" என்றார். அதன் பிறகு என் முகத்தைப் பார்க்காமலே எழுந்து போனார்.

மாமாவும் போய்ச் சேர்ந்தார், கடையும் இல்லை. இத்தனை வருடத்தில் எத்தனையோ கடைகளில், கல்யாணங்களில் எனக்குப் பிடித்ததைக் கேட்டு வாங்க வாய்ப்பிருந்தது. ஒரு தடவையும் கேட்கவில்லை. அது என் விருப்பம் என்றே மற்றவர்களை நம்பவைத்தேன். பாதி நானும் நம்பினேன்.

போன வாரம் காலையில் தொழுதுவிட்டு வரத் தாமதமாகிவிட்டது. சாப்பாட்டு மேசையில், சுவரோரம் இருக்கும் என் நாற்காலியில் மகன் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். மருமகள் அடுப்பு வேலையில் திரும்பிப் பாராமலே வழக்கமான இடத்தில் வழக்கமான டம்ளரை வைத்துவிட்டுப் போயிருந்தாள். மகன் எனக்கு மேல் இனிப்புப் பிரியன். சாஸரை எடுத்துப் பாதி குடித்திருந்தான்.

"அதுல சக்கர இல்லடா. மாத்தித் தரச் சொல்லவா?" என்றேன்.

"வேணாம் அத்தா" என்றான், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். "நல்லாத்தான் இருக்கு."

அந்த நாற்காலியை விட்டு எழுந்திரு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மீதியையும் குடித்து முடித்துவிட்டான்.