பருப்பு வேகாத தண்ணீரில் மீன் வளர்த்த கதை

முதலில் நான் கட்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். முக்கூடலில், இரவல் வாங்கிய ஒற்றை மர அச்சை வைத்துத் தொடங்கிய சிமெண்ட் கல் பட்டறை. அதற்குப் பின்னால், ஆழ்வார்குறிச்சிப் பக்கமிருந்து வேலைக்கு வந்தவர்கள் தங்குவதற்கு வரிசையாக அறைகள். ஆற்றங்கரைத் தோட்டம் ஒன்றுக்குச் சுற்றுச்சுவர். படித்த பொறியாளர் ஒருவர் அது அடுத்த மழைக்கு நிற்காது என்றார். அவர் ஓய்வு பெற்றுவிட்டார், சுவர் இன்னும் வேலையில் இருக்கிறது. பிறகு பாளையங்கோட்டையில் சொந்த வீடு. மாடிப்படி மட்டும் கொஞ்சம் செங்குத்து. ஏறுகிறவர்கள் சாமியை நினைத்துக்கொண்டு ஏறுவது நல்லது. இத்தனையும் ஐந்தாம் வகுப்போடு. ஆறாம் வகுப்பின் வாசலை வெளியே இருந்துதான் பார்த்திருக்கிறேன். அந்த வாசற்படியில் இப்போது கிடப்பது நான் வார்த்த கல்.

கடைசியாகக் கட்டியது இரண்டடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதற்குள் ஒரு குடித்தனம். மற்றதெல்லாம் அதன் பக்கத்தில் நிற்காது.

என் மனைவிக்கு முழங்கால் மூட்டை மாற்றி வைத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளை முன்னறையில் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தோம். தூத்துக்குடியில் இருக்கும் எங்கள் மகள் கூடவே வந்திருந்தாள். அடுத்த மாதம் பிறந்ததும் காரோடு வந்து அம்மாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னாள். கால் நன்றாக ஊன்றும் வரைக்கும் அங்கேதான் என்றாள். அது பொங்கல் தாண்டியும் போகும்.

"எங்க வீட்டுலன்னா பால்கனி இருக்கு, ஆள் நடமாட்டம் இருக்கு. இங்க அம்மா நாள் பூரா சுவரத்தான பாத்துக்கிட்டு இருக்கணும்?"

"அது சும்மா சுவர் இல்ல. நான் கட்டினது" என்றேன்.

"அதுக்காக அது ஆடுமா, பாடுமா?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் மகளையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. "அந்த ஆஸ்பத்திரியில ஒரு மீன் தொட்டி இருந்துச்சுல்லா" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள். "அதப் பாத்துக்கிட்டு இருந்தா வலி தெரியல. அது மாதிரி ஒண்ணு இங்கன இருந்தா நான் இருந்துக்கிடுவேன்."

"இவ்வளவுதானளா?"

"இவ்வளவு இல்ல. மீனு சந்தோசமா நீஞ்சணும். ஒண்ணையொண்ணு கடிக்கக் கூடாது. ஒண்ணு செத்து மிதந்தாலும் நான் கார்ல ஏறிருவேன்."

அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான் வீட்டில் தனியாகக் குக்கரோடு பேசிக்கொண்டிருந்தவன். அதுவும் பதில் சொல்லும், ஆனால் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும். பொங்கல் வரைக்கும் அதோடு குடும்பம் நடத்த முடியாது. அன்றைக்கே அளவு நாடாவை எடுத்துவிட்டேன்.

முன்னறைச் சுவரை ஒட்டி சிமெண்டில் கட்டிவிடலாம், நூறு வருடத்துக்கு அசையாது என்றேன். "அதுல மாடுதான் தண்ணி குடிக்கும். மீன நான் எங்கன பாக்க?" என்றாள். சரி என்று கண்ணாடி அறுத்து வாங்கி, ஓரங்களுக்குப் பசை போட்டு, நானே ஒட்டினேன். முதல் தடவை தண்ணீர் ஊற்றியபோது ஒரு மூலையில் கசிந்தது. கண்ணாடி என்பது கல்லைப் போல நம்பிக்கையான சாமான் இல்லை. துடைத்து மறுபடி ஒட்டினேன். அதன்பிறகு ஒரு சொட்டு வெளியே வந்திருந்தால் கேளுங்கள்.

மீன் வாங்க மேலப்பாளையத்துக்குப் போனேன். அங்கே சவூதியில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு வந்த பாய் ஒருவர் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கிறார். கடைக்குள் நுழைந்ததும் எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. அதுவரை மீன் என்றால் எனக்குப் புன்னக்காயலிலிருந்து வருவது, குழம்பில் கிடப்பது. இங்கே ஒன்று பட்டுச்சேலை கட்டியிருக்கிறது, ஒன்று விசிறியை விரிக்கிறது, ஒன்று புலிபோல வரி போட்டுக்கொண்டு வந்து என்னையே முறைக்கிறது.

"எல்லாத்துலயும் ஒண்ணு ஒண்ணு போடும் பாய்."

"அண்ணாச்சி, இது மிட்டாய்க் கடை இல்ல. தொட்டி எவ்வளவு பெருசு?"

சொன்னேன். அவர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார்.

"இந்தா, றெக்கை விரிச்சிக்கிட்டுப் போகுதே, இது?" என்றேன்.

"ஏஞ்சல். பாக்கத்தான் மணப்பொண்ணு. வாய்க்குள்ள போற அளவுல எது நின்னாலும் முழுங்கிரும்."

"அப்ப இந்த வரிக்காரன்?"

"டைகர் பார்ப். சும்மாவே இருக்க மாட்டான். பக்கத்துல யாருக்காவது நீள வால் இருந்தா இழுத்துக் கடிச்சிக்கிட்டே இருப்பான்."

"தங்கமீன் சாதுதான?"

"சாதுதான். ஆனா தின்னுக்கிட்டே இருக்கும், கழிஞ்சிக்கிட்டே இருக்கும், வளந்துக்கிட்டே இருக்கும். ரெண்டடித் தொட்டி அதுக்குக் குளியல் வாளி."

கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டிருந்த ஒரு கறுப்பு மீனைக் காட்டினேன். அதன் பெயர் சக்கர், பாசியை நக்கிச் சுத்தம் செய்யுமாம். கூலி இல்லாத ஆள், விட மனம் வரவில்லை.

"வேண்டாம் அண்ணாச்சி. வளந்தா உங்க முழங்கை நீளத்துக்கு வரும். பெறவு அது வீட்டுக்குள்ள இருக்கும், நீங்க வெளிய இருப்பிய."

இந்த இடத்தில்தான் எனக்குப் புத்தியில் பொறி தட்டியது. இந்த வேலையை நான் ஏற்கனவே முப்பது வருடம் செய்திருக்கிறேன். பட்டறை அறைகளில் யாரை யாரோடு படுக்க வைப்பது என்று நான்தான் முடிவு செய்வேன். குறட்டைக்காரனையும் கோழித் தூக்கக்காரனையும் ஒரே அறையில் போட்டால் காலையில் கல் அடிக்க ஆள் இருக்காது. ரோசக்காரன் இரண்டு பேரைச் சேர்த்துப் போடக் கூடாது. கூச்சக்காரனைத் தனியாக விடக் கூடாது, அவன் ஊருக்கு ஓடிவிடுவான். பரண்மேல் ஒருத்தன், கட்டிலில் ஒருத்தன், தரையில் ஒருத்தன் என்று படுத்தால் எவன் காலும் எவன் மேலும் இடிக்காது.

"பாய், நீர் மீன் கணக்குச் சொல்லல வே. அறைக் கணக்குச் சொல்லுதீரு. மேல யாரு இருப்பா, நடுவுல யாரு, தரையில யாரு? அதச் சொல்லும்."

பாய் வலையைக் கீழே வைத்துவிட்டார். இப்போது முழுசாகச் சிரித்தார். "அண்ணாச்சி, நான் இத எங்க படிச்சேன்னு நினைக்கிய? ரியாத்துல அடுக்குக் கட்டில் ரூம்ல. மேல் கட்டில்ல ஒரு மலையாளி, நடுவுல நான், கீழ ஒரு வங்காளி. ஒரு நாள் சண்டை கிடையாது, அல்ஹம்துலில்லாஹ். பெறவு மேல ஒரு பாட்டுக்காரன் வந்து சேந்தான், மூணே வாரத்துல ரூம் மாறிட்டேன்."

நாங்கள் இரண்டு பேரும் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, டீ வாங்கி வரச் சொல்லி, அந்தத் தொட்டிக்கு ஆள் பிரித்தோம். மேல்தட்டில் கப்பி; பாவாடை போல வாலை வைத்துக்கொண்டு மேலேயே மினுக்கிக்கொண்டு திரியும், யாரையும் சீண்டாது. நடுவில் பிளாட்டி; குண்டு உடம்பு, மஞ்சளும் சிவப்பும், எதற்கும் கவலைப்படாத குணம். தரையில் கோரி என்று மீசை வைத்த குட்டிக் கெளுத்தி. அது கூச்சக்காரன், அதனால் கூட்டாளிகளோடுதான் விட வேண்டும். கப்பியிலும் பிளாட்டியிலும் ஆண் மட்டும். பெண்ணையும் விட்டால் பொங்கலுக்குள் தொட்டி பள்ளிக்கூடம் ஆகிவிடும் என்றார் பாய்.

"இன்னைக்கே பிடிச்சுத் தாரும்" என்றேன்.

"இன்னைக்கு ஒண்ணும் கிடையாது. புதுத் தொட்டியில உடனே மீன விட்டா அதோட கழிவே அதுக்கு விசம். முதல்ல ரெண்டு வாரம் தண்ணிய ஓட விடுங்க. என் தொட்டியில கிடக்க பழைய பஞ்சத் தாரேன், அத உங்க வடிகட்டியில வைங்க. அழுக்கத் தின்னுத, கண்ணுக்குத் தெரியாத பூச்சி எல்லாம் அதுலதான் இருக்கு. அது உங்க தொட்டியில குடியேறட்டும். பெறவு மீனு, அதுவும் கொஞ்சம் கொஞ்சமா."

வேறு யாராக இருந்தாலும் சண்டை பிடித்திருப்பார்கள். நான் பிடிக்கவில்லை. அடித்த கல்லை அன்றைக்கே சுவரில் வைக்கிறவன் கல் தொழிலுக்கு லாயக்கில்லை. நனைத்து நனைத்துப் பதமாக்கித்தான் கொடுக்க வேண்டும். தொட்டியும் கல்தான் என்று புரிந்துகொண்டு ஒரு வடிகட்டியையும் அந்தப் பஞ்சையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

இனி தண்ணீர். எங்கள் வீட்டில் நான் போட்ட ஆழ்துளைக் கிணறு இருக்கிறது. வற்றியதே இல்லை. ஆனால் அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, வாளியில் சுண்ணாம்பு போல வெள்ளை படியும். வீடு குடிபுகுந்த நாளிலிருந்து என் மனைவி என்னிடம் சொல்லும் குறைகளில் முதல் குறை அதுதான். சமையலுக்கு மாநகராட்சிக் குழாயில் வருகிற ஆற்றுத் தண்ணீர், மற்றதற்கு இது.

ஆனால் குழாய்த் தண்ணீரில் மருந்து கலப்பார்கள். தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவன் வீட்டு மீனுக்கு மருந்துத் தண்ணீரா? நேராக ஆற்றுப் படித்துறைக்கே போய்க் கேன் கேனாக மொண்டு, ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தேன்.

"கைய நீட்டுனா போர்த் தண்ணி இருக்கு. அத ஊத்துங்களேன். ஆத்துக்கு எதுக்கு அலையுதிய?" என்றாள் மனைவி.

"பருப்பே வேகாத தண்ணியில மீன் வாழுமாளா? இது நம்ம ஆத்துத் தண்ணி. செத்த மீனும் எந்திரிச்சு நீஞ்சும்."

தொட்டியில் அது கண்ணாடி எது, தண்ணீர் எது என்று தெரியாத அளவுக்குத் தெளிவாக நின்றது. மீன் இல்லாத தொட்டியைப் பார்த்துக்கொண்டு அவள் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள். பார்க்க வந்த பக்கத்து வீட்டு டீச்சரம்மாவிடம், "எங்க வீட்டுக்காரரு தண்ணி வளக்காவ" என்றாள்.

பாய் சொன்ன கெடு முடிந்ததும் முதல் தவணையாகச் சில கப்பியும் பிளாட்டியும் வந்தன. பையோடு மிதக்கவிட்டு, பிறகு திறந்துவிட்டேன். அவள் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். நான் அறைக்கும் அடுப்படிக்கும் நடந்தேன், காரணமே இல்லாமல்.

மறுநாள் எழுந்து பார்த்தால் எல்லாம் மூலையில் நின்றன. சிறகை உடம்போடு ஒட்டிக்கொண்டு, இடத்தை விட்டு நகராமல், குளிரில் நடுங்குவதுபோல இடுப்பை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தன.

"என்னத்துக்கோ கோவிச்சுக்கிட்டு நிக்குதுக" என்றாள் மனைவி. பிறகு மெதுவாக, "மக நாளைக்கழிச்சு வாரா" என்றாள்.

ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மேலப்பாளையத்துக்குப் பறந்தேன். பாய் தண்ணீரைச் சோதிக்கிற ஒரு தாளை அதில் நனைத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது எந்தத் தண்ணி அண்ணாச்சி?"

"தாமிரபரணி" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

"நல்ல தண்ணி. அதான் கோளாறு."

என் ஆற்றைப் பற்றி அப்படி ஒரு சொல்லை நான் கேட்டதே இல்லை. "என்ன வே சொல்லுதீரு?"

"கோவப்படாதீய. இது மென்மையான தண்ணி, இதுல ஒண்ணும் கிடையாது. கப்பிக்கும் பிளாட்டிக்கும் சுண்ணாம்புச் சத்து இருக்கணும். எங்க மீனு எல்லாம் இந்த மேலப்பாளையத்துப் போர்த் தண்ணியிலயே பிறந்து வளந்தது. மீசைக்காரனும் இதுலதான் பழகிக் கிடக்கான். உங்க வீட்டுல போர் இருக்கா? தண்ணி எப்படி?"

"பருப்பு வேகாது."

பாய் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அதான் வேணும். ஆனா ஒரேயடியா ஊத்திராதீய. கப்பு கப்பா, பைய, பைய."

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி ஊன்றுகோலை எடுத்துத் தொட்டியைக் காட்டினாள், பிறகு போர்க் குழாய் இருக்கும் குளியலறையைக் காட்டினாள். அன்றும் மறுநாளும் நான் ஒரு கப் எடுப்பதும் ஒரு கப் ஊற்றுவதுமாக இருந்தேன். அவள் நாற்காலியில் இருந்து மேஸ்திரி வேலை பார்த்தாள். "போதும். இப்ப கொஞ்சம் விடுங்க. இப்ப ஊத்துங்க. மெதுவா, என்ன, மாட்டுக்கா ஊத்துதிய?" இத்தனை வருடத்தில் நான் யாரிடமும் கூலிக்காரனாக இவ்வளவு நேரம் நின்றதில்லை. அதில் இவ்வளவு சந்தோசம் இருக்கும் என்றும் தெரியாது.

முதலில் மஞ்சள் பிளாட்டிதான் சிறகைப் பிரித்தது. ஒரு சுற்று போய் வந்தது. பிறகு கப்பிகள் ஒவ்வொன்றாக மேலே ஏறி வாலை விரித்தன. அவள், "ஏங்க, ஏங்க" என்று மட்டும் சொன்னாள். ஆபரேஷன் செய்த காலை மறந்து எழப் பார்த்தாள். நான் பிடித்து உட்கார வைத்தேன். இரண்டு பேரும் ஒரு நாற்காலிக்கு மேலும் கீழுமாக உட்கார்ந்து சாப்பாட்டை மறந்து பார்த்தோம்.

மகள் வந்தாள். காரை வெளியே நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்ற மறந்து தொட்டி முன்னால் நின்றாள். பிறகு அம்மாவின் பெட்டி எங்கே என்று கேட்டாள்.

"பெட்டிய எடுக்காண்டாம்" என்றாள் என் மனைவி. "இன்னும் மீசைக்காரனுக வரணும். நான் உங்கூட வந்துட்டா உங்கப்பா ஆத்துத் தண்ணிய ஊத்திருவாவ."

மகள் சிரித்த சிரிப்பில் தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் காலிக் காரோடு தூத்துக்குடிக்குப் போனாள்.

இப்போது எங்கள் வீட்டு முன்னறைக்குக் கூட்டம் வருகிறது. மீசைக்காரர்கள் தரையைப் பெருக்கிக்கொண்டு திரிகிறார்கள், ஒருத்தருக்கும் ஒருத்தர் மேல் புகார் இல்லை. வருகிறவர்களிடமெல்லாம் என் மனைவி, "போர்த் தண்ணிய ஊத்துங்கன்னு நான்தான் முதல் நாளே சொன்னேன்" என்கிறாள். சொன்னாள், நான் மறுக்கவில்லை. டீச்சரம்மா தன் வீட்டிலும் தொட்டி வைக்கப்போகிறாராம், யோசனை கேட்டு அவளிடம்தான் வருகிறார்.

நான் கேட்பது ஒன்றுதான். சொன்னது அவள், சரி. ஆனால் இத்தனை வருடம் அவள் வைத தண்ணீரை, பாறையைத் துளைத்து மேலே கொண்டுவந்தது யார்? யாரை யாரோடு குடி வைப்பது என்று ஆள் பிரித்தது யார்? கண்ணாடியை ஒட்டியது யார்? எங்கள் வீட்டுக்கு வந்து அந்த மீன்களைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள், வாசலைத் தாண்டுவதற்கு முன், இது அண்ணாச்சி போட்ட கிணறு, அண்ணாச்சி ஒட்டிய தொட்டி, அண்ணாச்சி பிரித்த அறை என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவள் காதில் விழுகிற மாதிரி சொல்ல வேண்டும்.