மாறியோ

காப்பகத்திலிருந்து எடுத்துவந்த பூனைக்குட்டிக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு. அப்போது நான் திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்த புதிது.

ஒரு காலையில் கால்நடை மருத்துவர் போனில், "வயறிளக்கம் மாறியோ?" என்று கேட்டார். முந்தின நாள் தண்ணீராகப் போனது அன்று ரத்தமாகப் போயிருந்தது.

"மாறிடுச்சு டாக்டர்," என்றேன்.

"அப்போ மருந்து நிறுத்திக்கோளூ," என்று வைத்துவிட்டார்.

கைவிட்டுவிட்டார் என்றே நினைத்தேன். குட்டியைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு கிழக்கேகோட்டையில் பஸ் ஏறி அவரிடம் சண்டைக்குப் போனேன். வழியெல்லாம் குட்டி முனகக்கூட இல்லை.

கூடைத் துணியில் ரத்தத்தைப் பார்த்ததும் டாக்டரின் முகம் வெளிறியது. "மாறின்னா இவிடெ குணமாயின்னாக்கும் அர்த்தம்," என்றபடியே ஊசி போட்டார்.

குட்டி பிழைத்தது, வயிறு இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. இப்போதும் அவர் "மாறியோ?" என்றுதான் கேட்கிறார். நான் குட்டி வெளிக்குப் போகும் மண் தட்டை அப்படியே அவர் மேசைமேல் வைத்துவிடுகிறேன்.